சம்பளச் சீட்டும் ரேஷன் கார்டும்

2024 ஜூலை 1, திங்கள்

மாதம் 12,000 ரூபாய் என்று சொல்லி வேலைக்கு எடுத்தால் கைக்கு எவ்வளவு வரும்? மொத்தமும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்றே வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,440. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 90 ரூபாய். மிச்சம் 10,470. முதலாளி தன் பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு 1,440, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் 390 கட்ட வேண்டும்.

கோளாறு வழக்கமாக மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது, முதலாளி பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிப்பது. இது சட்டப்படி கூடவே கூடாது. இரண்டாவது, அடிப்படையை 6,000 என்று காட்டிவிட்டு மீதியை ‘அலவன்ஸ்’ என்று எழுதி பி.எஃப்.பை பாதியாக்குவது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற அலவன்ஸ் அடிப்படைச் சம்பளத்தில்தான் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. மூன்றாவதுதான் மோசம். சீட்டில் பிடித்தம் இருக்கும், கணக்கில் பணம் இருக்காது. ஒவ்வொரு மாதப் பிடித்தமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண்ணை வைத்து பாஸ்புக்கை மாதம் ஒருமுறை போனிலேயே பார்த்துவிடலாம். இரண்டு மாதம் தொடர்ந்து வரவு இல்லை என்றால் அப்போதே புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி மூடிய பிறகு அலைந்தால் ஆதாரம் சேர்ப்பதே பெரும்பாடு.

2024 ஜூலை 3, புதன்

தேர்தல் நடத்தை விதியால் டெண்டர் தள்ளிப்போய், மே மாத ரேஷன் துவரம் பருப்பும் பாமாயிலும் ஜூனில் வந்தன. ஜூன் மாதத்து பாக்கியை இந்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். சாதாரணமாக ஒரு மாதம் வாங்காமல் விட்ட பொருள் அடுத்த மாதம் கிடைக்காது. அதனால் இந்தச் சலுகையை விடக் கூடாது. போனுக்கு வரும் குறுஞ்செய்தியையும் படித்துப் பார்க்க வேண்டும். வாங்காத பொருளுக்கு ‘வழங்கப்பட்டது’ என்று வந்தால், அன்றைக்கே கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ரேஷன் எவ்வளவு பெறும் என்று பார்ப்போம். அரிசி 20 கிலோ இலவசம், பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை இரண்டு கிலோ, கிலோ 25. வெளிக்கடையில் அரிசி 45, பருப்பு 160, பாமாயில் 100, சர்க்கரை 42 என்று போட்டால் மிச்சமாவது 900, 130, 75, 34. மொத்தம் 1,139. கைக்கு வரும் 10,470இல் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

1997இல் மத்திய அரசு ரேஷனை ‘இலக்கு நோக்கி’ மாற்றி, வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று கார்டுகளைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. இங்கேயும் கார்டில் முன்னுரிமை, முன்னுரிமையற்றது, அந்தியோதயா, சர்க்கரை மட்டும், பொருளில்லா கார்டு என்று வகைகள் உண்டு. ஆனால் அரிசி வேண்டும் என்கிற குடும்பத்திடம் சம்பளச் சான்று கேட்பதில்லை. கார்க்காரரும் இலவச அரிசி வாங்குகிறாரே என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வாங்குகிறார்தான். அவரைப் பிடிக்க ஒரு படிவம் வைத்தால் முதலில் அதில் சிக்குவது வாடகை ஒப்பந்தம் இல்லாத கட்டடத் தொழிலாளிதான்.

ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாத பிரச்சினை சாய ஆலை, உப்பளம், செங்கல் சூளை ஆட்களுக்கு அதிகம். கார்டில் பெயர் உள்ள யார் ரேகை வைத்தாலும் போதும். நடக்க முடியாத முதியவர் தனியாக இருந்தால், வேறொருவர் வாங்கித்தர அங்கீகாரப் படிவம் ஒன்று கடையிலேயே இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

2024 ஜூலை 15, திங்கள்

இன்று இரண்டு செய்திகள், ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

காலை உணவுத் திட்டம் இன்று முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலை ஏழு மணிக்கு ஷிஃப்டுக்கு ஓடுகிற தாய்க்கு இதன் அருமை தெரியும். ரூபாயில் கணக்குப் போட்டால் சிறிய தொகைதான். அந்த அரை மணி நேரத்துக்கு விலை போட முடியாது.

மின்கட்டணம் 4.83 சதவீதம் உயர்வு, ஜூலை 1இலிருந்தே அமல். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தொடர்கிறது. யாருக்கு? பெயரில் இணைப்பு உள்ளவருக்கு. ஒரே மீட்டரின் கீழ் நாலு வாடகைக் குடித்தனம் இருந்தால், வீட்டுக்காரர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்குத் தான் வைத்த விலையை வசூலிப்பார். நாலு குடும்பமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான பாதி விலைச் சலுகையும் போய்விடும், மேல் அடுக்கு விலையும் விழும். குறைந்த மின்சாரம் எரிக்கிறவர்தான் அதிக விலை கொடுக்கிறார். தனி இணைப்பு கேட்கலாம் என்று விதி சொல்கிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவேண்டுமே.

2024 ஜூலை 23, செவ்வாய்

மத்திய பட்ஜெட். நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. போன வருடத் திருத்திய மதிப்பீடும் இதேதான். தமிழ்நாட்டில் இந்த நிதியாண்டின் கூலி நாளுக்கு 319, போன வருடம் 294. நூறு நாளும் கிடைத்தால் 31,900.

கிடைக்குமா என்பது வேறு. 319 என்பது குறித்த அளவு வேலையை முடித்தவருக்கு. வாய்க்கால் தூர்வாருகிறார்கள் என்றால் குழு வெட்டிய கன அளவை அளந்து கூலி போடுவார்கள். கல் கலந்த மண்ணில் அதே அளவு வராது. மண் வகையை மதிப்பீட்டில் சரியாக எழுதாவிட்டால் ஆள் ஒன்றுக்குக் கூலி இறங்கிவிடும். பணித்தளத்தில் காலையும் மதியமும் செயலியில் குழுவைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாமல் இரண்டாவது படம் ஏறாமல் போனால் அன்றைய வருகையே சந்தேகத்துக்குள்ளாகும். இந்த ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி. வேலை அட்டையில் ‘மு. லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி முருகன்’ என்றிருந்தாலே இழுபறி. இனிஷியலை வைத்துப் பெயர் எழுதும் ஊரில் இது எத்தனை பேரைப் பாதிக்கும் என்பதைத் தில்லியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வேலை கேட்டு எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குவதுதான் நூறு நாள் வேலைச் சட்டத்தின் உயிர். கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதன்பின் பாதியும் வேலையில்லாப் படியாகத் தர வேண்டும். அந்தப் படியை மாநில அரசு தன் பணத்திலிருந்து தர வேண்டும். ரசீது ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கூலி தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. ஆறு நாள் கூலி 1,914 என்றால் நாளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

2024 ஆகஸ்ட் 9, வெள்ளி

கோவையில் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் தொடக்கம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவருக்கு மாதம் 1,000. மாணவியருக்கான ‘புதுமைப் பெண்’ 2022 செப்டம்பரிலேயே வந்தது. உடனே பழைய சண்டை கிளம்பிவிட்டது: இலவசம், ஓட்டுக்கு விலை, கஜானா காலி.

2022 ஜூலையில் பிரதமர் இதை, மிட்டாயை வாரிக் கொடுப்பது போன்ற ‘ரேவ்டி’ பழக்கம் என்றார். அதற்கு முன்பே, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், தேர்தல் அறிக்கையில் இலவசம் அறிவிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5இல் தீர்ப்பளித்தது. கூடவே தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது. 2022 ஆகஸ்டில் விஷயம் மூன்று நீதிபதி அமர்வுக்குப் போனது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் வலுவானது இரண்டு. ஒன்று, அரிசியும் நூறு நாளும் இருப்பதால் நடவுக்கு ஆள் வருவதில்லை என்பது. உண்மையில் அது கூலியைப் பற்றிய புகார். பட்டினிக்குப் பயந்து எந்தக் கூலிக்கும் வந்தவர் இப்போது பேரம் பேசுகிறார். சிறு விவசாயிக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகவில்லை என்பதும் நிஜம். அதற்கு நெல் விலையைக் கேட்க வேண்டும், ரேஷன் அரிசியை அல்ல. இரண்டாவது வாதம் இடதுசாரிகள் சொல்வது, அதிகம் காதில் விழுவதில்லை. அரசு வயிற்றைப் பார்த்துக்கொள்வதால் முதலாளி 10,000 சம்பளத்திலேயே ஆளை வைத்திருக்க முடிகிறது, மானியம் போவது ஆலைக்குத்தான் என்பது. ஜூலை 3 கணக்கைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. ஆனால் ரேஷனை நிறுத்தினால் மறுநாள் சம்பளம் 1,139 கூடுமா? கூடாது. குறைந்தபட்சக் கூலியை ஒழுங்காக வசூலித்தால்தான் கூடும்.

அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. தொழில்வாரியாக அடிப்படை அறிவிக்கப்படுகிறது. பஞ்சப்படி சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஏப்ரல் 1இல் மாறுகிறது. குறைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். வித்தியாசத்தோடு பத்து மடங்கு வரை இழப்பீடு கிடைக்கும். மனு அதிகம் வராததற்குக் காரணம் சம்பளச் சீட்டு இல்லாததுதான். கையில் காசாக வாங்குகிறவர் எதைக் காட்டுவார்? வருகை நோட்டின் போட்டோ, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஜிபே வரவு, எதுவானாலும் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. டிக்கெட்டை மறக்காமல் வாங்க வேண்டும். விலை பூஜ்யமானாலும் அதை வைத்துத்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு பணம் கொடுக்கிறது. அந்த வழித்தடத்தில் சாதாரணப் பேருந்து குறைந்து டீலக்ஸ் கூடினால் சலுகை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

மகளிர் உரிமைத் தொகைக்கு இன்றோடு ஒரு வருடம். தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்கள். ரேஷன் போல எல்லோருக்கும் என்று வைக்காமல் தகுதி வைத்தார்கள்: 21 வயது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது, வருமான வரி கூடாது.

மறுக்கப்பட்ட மனுக்களில் ஒரே மாதிரியான காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பட்டா இன்னும் தாத்தா பெயரில், பாகம் பிரியாமல் இருக்கும். ஏக்கர் முழுவதும் ஒரு குடும்பத்தின் கணக்கில் ஏறும். மகன் ஓட்டுநர், முதலாளியின் வண்டி மகன் பெயரில் வாங்கப்பட்டிருக்கும். கார் இருக்கிறது என்று பதிவாகும். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே மீட்டர். 3,600 என்றால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். இரண்டு அடுப்பு எரிகிற வீட்டில் கோடையில் அதைத் தாண்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை.

மறுப்புச் செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. ‘நான் ஏழை, கருணை காட்டுங்கள்’ என்று எழுதுவதால் பயனில்லை. எந்தப் பதிவு தவறு என்பதை மட்டும் எழுதி, அதற்கான தாளை வைக்க வேண்டும். நிலம் என்றால் வாரிசுச் சான்றும் சிட்டாவும், கார் என்றால் விற்ற தேதி உள்ள பதிவுச் சான்று, மின்சாரம் என்றால் ஒரு வருட ரசீதுகள்.

ஒப்புதல் ஆகியும் பணம் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் வங்கிக் கணக்கு. தொகை போவது ஆதார் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கு. நகைக் கடனுக்காக எப்போதோ திறந்து மறந்த கணக்கில் ஆறு மாதத் தொகை கிடப்பதும் உண்டு. எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கிக் கிளையில் கேட்டால் சொல்வார்கள். சென்ற ஆண்டு தொகை விழுந்ததும் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமாக எடுத்துக்கொண்டன, அரசு எச்சரிக்க நேர்ந்தது. நிரந்தரத் தீர்வு, கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றக் கேட்டு எழுதிக் கொடுப்பது. அதற்கு இருப்பு நிபந்தனை கிடையாது.

2024 அக்டோபர் 1, செவ்வாய்

ஈ.எஸ்.ஐ.யில் புதிய பங்களிப்புக் காலம் இன்று தொடங்குகிறது, மார்ச் 31 வரை. இதில் 78 நாள் பங்களிப்பு இருந்தால் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை நோய்க்கால உதவி: சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை.

ஈ.எஸ்.ஐ.க்கான மாதச் சம்பள வரம்பு 21,000. 2017 ஜனவரியிலிருந்து அதே எண். 20,800 வாங்குகிறவருக்கு 400 ரூபாய் உயர்வு வந்தால் 21,200 ஆகும். பங்களிப்புக் காலத்தின் நடுவில் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும் வரை பாதுகாப்பு தொடரும். அதன்பின் அவரும் குடும்பமும் வெளியே. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் சேரலாமே என்றால் அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், மாதம் 10,000. பத்தாயிரத்துக்கும் இருபத்தோராயிரத்துக்கும் நடுவில் வாங்கி, ஈ.எஸ்.ஐ. பொருந்தாத, பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் வேலை செய்கிறவருக்கு இரண்டும் கிடையாது. வருமானச் சான்றில் எல்லோரும் 72,000 என்றும் 96,000 என்றும் எழுதி வாங்குவது ஏன் என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இந்த இடைவெளியை ஒருமுறை பார்க்கட்டும். பொய்யைக் கோடுதான் வளர்க்கிறது.

ஓவர்டைம் 21,000 கணக்கில் சேராது, பங்களிப்புக் கணக்கில் மட்டும் சேரும். ஓவர்டைமைக் கூட்டிக் காட்டி ‘நீ வரம்பு தாண்டிவிட்டாய்’ என்று நீக்கினால் அது தவறு.

2024 அக்டோபர் 14, திங்கள்

தீபாவளி 31ஆம் தேதி, போனஸ் பேச்சு தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகளுக்கும், 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள மற்ற நிறுவனங்களுக்கும் சட்டம் பொருந்தும். சம்பளம் 21,000க்குள், ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் போதும். லாபம் இல்லாவிட்டாலும் குறைந்தது 8.33 சதவீதம்.

எதன் மேல் 8.33 என்பதில்தான் வித்தை. 7,000 அல்லது அந்தத் தொழிலின் குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதன் மேல் என்று 2015 திருத்தம் சொல்கிறது. 7,000 என்று போட்டால் வருடத்துக்கு 6,997. குறைந்தபட்சக் கூலி 12,000 உள்ள தொழிலில் 11,995 வர வேண்டும். கிட்டத்தட்ட 5,000 வித்தியாசம். ஒரு ஸ்வீட் பாக்ஸும் வேட்டி சட்டையும் அதற்கு ஈடாகாது. பணம் வராவிட்டால் தொழிலாளர் துறைக்கு ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ‘போனஸ் பெற்றுக்கொண்டேன், வேறு பாக்கி இல்லை’ என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்துக் கேட்டால், வாங்கிய தொகையையும் தேதியையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிவிட்டுப் போட வேண்டும்.