நாற்பது ஆனதில் ஒரு லாபம்

"மாஸ்டர்ஸுக்குக் காசு எங்கிருந்துடி வருது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துவிட்டது. சிங்கப்பூரில் நான் மாஸ்டர்ஸ் படிக்கக் காசு சேர்க்கும் கதையை மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் யோசனை அம்மாவுடையது. "என் காப்பு ரெண்டும் சும்மாதானே கிடக்கு, தேக்கா பக்கம் கொண்டுபோய் அடகு வை." அவருக்குத் தெரிந்த ஒரே கல்விக் கடன் அதுதான். வீட்டுக்காரர் மசே நிதியைக் காட்டினார், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியை. அது நடக்காது. மசே நிதியிலிருந்து கல்விக்கு எடுக்கலாம்தான், ஆனால் அரசு மானியம் உள்ள முழுநேர டிப்ளோமாவுக்கும் முதல் பட்டத்துக்கும்தான். நாளைக்கு என் மகள் பல்கலைக்கழகம் போனால் என் கணக்கிலிருந்து எடுக்கலாம். நான் முதுகலை படிக்க எடுக்க முடியாது! அலுவலகத்தில் ஒருவர் வருமான வரியில் கழித்துக்கொள்ளச் சொன்னார். ஆண்டுக்கு 5,500 வெள்ளி வரை அந்தக் கழிவு இருந்தது உண்மை. 2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அதுவும் இல்லை.

என் சித்தி மகன் முழுநேர ஆய்வு மாணவன். கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை வேறு. "அக்கா, எனக்குப் படிக்கச் சம்பளம்" என்று சிரிப்பான். பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்ய ஆள் வேண்டும், அதனால் காசு கொடுக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற என் வகை மாஸ்டர்ஸ் நம் சொந்த முன்னேற்றக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அதனால் நம்மிடம் வாங்குகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் உபகாரச் சம்பளம் தேடினால் நாள்தான் வீணாகும்.

நான் போன வழி வேறு. கென்ட் ரிஜ்ஜில் உள்ள என்யுஎஸ்-ஐஎஸ்எஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒரு கழகம்) எம்டெக் என்ற முதுகலைப் பட்டத்தை முழுசாக ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. பட்டமேற்படிப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக முடித்துச் சேர்த்துக்கொண்டே போகலாம், சீட்டுக் கட்டுகிற மாதிரி. அந்தச் சான்றிதழ் வகுப்புகளுக்கு, அரசின் திறன் வளர்ப்புத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் மானியம் உண்டு. குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை. நாற்பது வயது ஆகியிருந்தால் 90 விழுக்காடு வரை. போன பிறந்தநாளுக்கு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பரிசு இதுதான்.

கட்டணச் சீட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேலே முழுத் தொகை, வயிற்றைக் கலக்கும். அதன் கீழே மானியம் கழிகிறது. கடைசி வரியில் நிற்பது வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிற காசு. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும், தேர்விலும் தேற வேண்டும். தவறினால் மானியத் தொகையையும் நம்மிடமே கேட்பார்கள். வகுப்பு வாசலில் வருகையைப் பதிய, அரசின் மின்னடையாளச் செயலியான சிங்பாஸைத் திறந்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது, நாற்பது வயதுக்காரர்கள் எல்லோரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்போம்.

மே 2024இல் நாற்பதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் போட்டார்களே 4,000 வெள்ளி, அதை எல்லாப் படிப்புக்கும் போட முடியாது. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்தந்த வகுப்பின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என்டியுசி தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் யூடாப் என்ற பயிற்சி உதவித் திட்டம் ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள வகுப்பாக இருந்தால், நாம் கைக்காசு போட்டதில் பாதி வரும். நாற்பதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 250. பெரிய தொகை இல்லை. ஆனாலும் விடுவானேன்?

என் நிறுவனம் மிச்சத்தைக் கட்ட முன்வந்தது, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு. வேண்டாம் என்றேன். இவ்வளவு சின்னத் தொகைக்குக் காலைக் கட்டிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கட்டணம் பெரிதாக இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தோழி ஒருத்திக்கு 37. நாற்பது வரை பொறுக்கட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம், 70 விழுக்காடே போதும், இப்போதே ஒரு சான்றிதழை ஆரம்பி என்றேன். காப்பைப் பற்றி அம்மா இன்னும் விடவில்லை. பட்டமளிப்பு அன்றைக்கு நான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.