தேதி டேபிளும் ஹைரார்க்கியும்: மாதங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க

மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் கருவியான பவர் பிஐயில் ஒரு தேதி நெடுவரிசையைச் சார்ட்டில் (வரைபடத்தில்) இழுத்துப் போட்டதும் ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று ஹைரார்க்கி (மேலிருந்து கீழாக அடுக்கிய நிலைகள்) தானாக வந்துவிடும். ஆட்டோ டேட் டைம் வசதி, வேறு தேதி டேபிளோடு இணைக்கப்படாத ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் மறைவாக ஒரு டேபிளை உருவாக்குவதால் வருவது அது. ஆர்டர் தேதிக்கு ஒன்று, டெலிவரி தேதிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு இல்லாததால், ஒரே ஸ்லைசரில் (ரிப்போர்ட்டில் வைக்கும் வடிகட்டிப் பெட்டியில்) இரண்டையும் வடிகட்ட முடியாது. முடிவுத் தேதி தெரியாத இடத்தில் யாராவது 31-12-9999 என்று நிரப்பியிருந்தால் அந்த மறைவு டேபிள் 9999 வரை நீளும். 2020இல் தொடங்கினால் கிட்டத்தட்ட 29 லட்சம் வரிசைகள். ஃபைல் ஏன் திடீரென்று பெருத்தது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆப்ஷன்ஸில் டேட்டா லோட் பகுதிக்குப் போய் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, நாளுக்கு ஒரு வரிசை உள்ள சொந்தத் தேதி டேபிளை உருவாக்க, டாக்ஸின் (பவர் பிஐயின் சூத்திர மொழி) கேலண்டர் ஃபங்ஷன் போதும். தொடக்கம்: தரவின் முதல் ஆண்டின் ஜனவரி 1; முடிவு: கடைசி ஆண்டின் டிசம்பர் 31. கேலண்டர்ஆட்டோ சுலபம்தான், ஆனால் அது மாடலில் உள்ள எல்லாத் தேதிகளையும் பார்க்கும். வாடிக்கையாளரின் பிறந்த தேதி இருந்தால் டேபிள் 1950இலிருந்துகூடத் தொடங்கும். பிறகு, இதுதான் தேதி டேபிள் என்று பவர் பிஐக்குச் சொல்லும் 'மார்க் ஆஸ் டேட் டேபிள்' கொடுங்கள். தேதிகள் விடுபடாமல், திரும்ப வராமல், காலியாக இல்லாமல் இருந்தால்தான் அது ஏற்கும்.

இனி ஹைரார்க்கி. மாதப் பெயரை மட்டும் வைத்தால் ஆங்கில அகர வரிசையில் ஏப்ரல் முதலில் வந்து நிற்கும். ஒரு நெடுவரிசையை இன்னொன்றின்படி அடுக்கும் 'Sort by column' வசதியில் மாத எண்ணைக் கொடுத்தால் சரியாகும். ஆனால் 202501 போன்ற ஆண்டு-மாத எண்ணைக் கொடுத்தால் பிழை வரும்: 'ஜனவரி' என்ற ஒரே பெயருக்கு ஆண்டுக்கு ஒன்றாகப் பல எண்கள் இருக்கின்றன, எதை வைத்து அடுக்குவது என்று அதற்குத் தெரியாது. 'ஜன 2025' என்று ஆண்டும் சேர்ந்த பெயருக்கு 202501, வெறும் மாதப் பெயருக்கு 1 முதல் 12. இரண்டு நெடுவரிசைகளையுமே வைத்திருங்கள். ஹைரார்க்கியில் ஆண்டு சேர்ந்ததைப் போடுங்கள்.

அப்படிச் சொல்லக் காரணம், சார்ட்டில் நிலை நிலையாக இறங்க உதவும் டிரில் பட்டன்கள். 'கோ டு நெக்ஸ்ட் லெவல்' அழுத்தினால் மேல் நிலை விலகிவிடும்; வெறும் மாதப் பெயர் இருந்தால் எல்லா ஆண்டுகளின் ஜனவரியும் கூடி ஒரே தூணாக நிற்கும். 'எக்ஸ்பாண்ட் ஆல்' ஆண்டைக் கூடவே வைத்துக்கொள்ளும். ரிப்போர்ட் பார்ப்பவர் எதை அழுத்துவார் என்று சொல்ல முடியாது. ஆண்டு சேர்ந்த மாதமாக இருந்தால் எதை அழுத்தினாலும் எண் தவறாது.

வாரத்தை மாதத்துக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டு மாதங்களில் விழும்போது இரண்டாக உடைந்து, அந்த அரைகுறை வாரங்கள் விற்பனை வீழ்ச்சி போலத் தோன்றும். அதற்குத் தனி ஹைரார்க்கி போடுங்கள். ஐஎஸ்ஓ வாரம் (திங்களில் தொடங்கும் சர்வதேசத் தர வாரம்) என்றால் ஆண்டையும் தனியாகக் கணக்கிட வேண்டும்: 2025 டிசம்பர் 29, 2026இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. அந்த வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் விழுகிறதோ அதுவே வாரத்தின் ஆண்டு.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினால் ஈடேட் ஃபங்ஷனால் தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி ஆண்டையும் மாத எண்ணையும் எடுங்கள். ஏப்ரலின் மாத எண் 1 ஆகும், மார்ச்சின் எண் 12 ஆகும். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிவரும் டோட்டல்ஒய்டிடி ஃபங்ஷனுக்கு ஆண்டு முடிவு மார்ச் 31 என்று தனியே சொல்ல வேண்டும். ஹைரார்க்கியை மாற்றியதால் மட்டும் அது மாறிவிடாது.

எல்லாம் சரியாகக் கட்டி, விற்பனை டேபிளோடு இணைத்தும் விற்பனை முழுவதும் 'பிளாங்க்' (காலி) வரிசையில் விழுந்தால், விற்பனை டேபிளின் தேதியில் நேரம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலை 10:42 உள்ள தேதி நள்ளிரவுத் தேதியோடு பொருந்தாது. ஃபார்மேட்டை மாற்றினால் நேரம் கண்ணுக்கு மறையுமே தவிர மதிப்பில் அப்படியே இருக்கும். தரவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் குவெரியில் டேட்டா டைப்பையே டேட் என்று மாற்றினால்தான் போகும்.