அரியரும் ஐயாவின் பேரேடும்

போன வருஷம் ஜூன் மாதம் ரிசல்ட் வந்தபோது நான் காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எம்.எஸ்சி. வேதியியல், இரண்டாம் செமஸ்டர். மற்ற தாள்கள் எல்லாம் பாஸ். பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் மட்டும் எழுத்துத் தேர்வில் 75க்கு 31. எங்களுக்கு 38 வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பாடத்தில்கூடத் தவறாதவள் நான். போனை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ் கானாடுகாத்தான் தாண்டும்வரை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவே இல்லை.

இந்த ஒரு வருஷத்தில் அந்த அரியரை எழுதினேன், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை (அறிவியலில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) இரண்டு முறை எழுதினேன், ப்ராஜெக்ட் முடித்தேன். ஜூனியர்கள் சிலர் "எப்படிக்கா படிச்சீங்க" என்று கேட்கிறார்கள். எப்படிப் படித்தேன் என்பதைவிட எங்கெங்கே மார்க் போனது என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்வதுதான் அவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

முதலில் செய்ய வேண்டியது, விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிப்பது. ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடும். மறுமதிப்பீட்டில் மார்க் கூடும் என்ற ஆசையில்தான் நானும் விண்ணப்பித்தேன். நகல் கையில் வந்ததும் அந்த ஆசை போய்விட்டது. திருத்தியவர் மேல் ஒரு குறையும் இல்லை.

அதில் ஒரு கேள்வி, பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றலைத் தருவிக்கச் சொல்வது. குவாண்டம் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன், கடைசி வாய்பாடும் சரி. எட்டு மார்க்குக்கு இரண்டுதான் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. சைன், கொசைன் என்று இரண்டு உறுப்புகளோடு தொடங்கும் அலைச்சார்பு அடுத்த வரியிலேயே சைன் மட்டுமாகிவிட்டது. கொசைன் எங்கே போனது என்று நான் எழுதவே இல்லை. பெட்டியின் சுவரில் அலைச்சார்பு பூஜ்யமாக வேண்டும். அங்கே கொசைன் பூஜ்யமாகாது, அதனால் அது விழுகிறது. அடுத்த சுவரிலும் பூஜ்யமாக வேண்டும் என்பதால்தான் ஆற்றல் தொடர்ச்சியாக இல்லாமல் தனித்தனிப் படிகளாக வருகிறது. மொத்தக் கணக்கின் உயிரே அந்த இரண்டு வரிதான். 'பவுண்டரி கண்டிஷன்' என்று மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, 'எல்லை நிபந்தனை' என்று தமிழில் சொல்லிப் பார்த்தபிறகுதான் அது வேலியைப் பற்றிய பேச்சு என்று உறைத்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஒரு முறை இப்படித் தமிழில் சொல்லிப் பாருங்கள். பரீட்சையில் எழுதுவது ஆங்கிலத்தில்தான், ஆனாலும் புரிவது எந்த மொழியிலும் புரியலாம்.

இனி ஐயாவைப் பற்றி. அப்பாவின் அப்பா, எண்பதைத் தாண்டியவர். எங்கள் ஊரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளைக்குக் கையாளாக இருந்து கணக்கு எழுதியவர். இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, குடும்பம் சென்னையில். கூட்டிப் பெருக்கி விளக்கேற்றும் பொறுப்பு எங்கள் அப்பத்தாவுடையது. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது, மதியம் உள்ளே உட்கார முடியாது. அந்த வீட்டு ஆச்சிக்குச் சென்னைக்குப் போன் பண்ணிக் கேட்டோம். "புள்ள படிக்கத்தானே, உக்காரட்டும்" என்றார். அன்றிலிருந்து இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தின் கல்தரைதான் எனக்குப் படிப்பறை. மே மாதத்திலும் அந்தத் தரை சில்லென்று இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போனால் தூக்கம் வரும் என்பது மட்டும்தான் அதில் குறை.

ஐயாவும் வந்து தூணில் சாய்ந்துகொள்வார். விடைத்தாள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த அன்று கேட்டார்.

"ஏத்தா, 75ல 31 வந்துச்சு. மிச்சம் 44 எங்க போச்சுன்னு பேரேட்டுல ஏத்துனியா?"

செட்டியார் வீட்டுக் கணக்கு முறை இதுதானாம். அன்றாடம் நடப்பதை அப்படியே சிட்டையில் குறித்துவிட வேண்டும், அழகு பார்க்கக் கூடாது. பிறகு அவரவர் பேருக்குப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை எடுத்தால், எது இருப்பு, எது நட்டம் என்று தெரிந்துவிடும். அந்த வீட்டிலேயே எழுதாமல் கிடந்த ஒரு பழைய நீளப் பேரேட்டை எடுத்துத் தந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடாமல் எழுதவிடவில்லை.

நான் அதை இப்படி வைத்துக்கொண்டேன். எந்தக் கேள்வி தப்பானாலும் அன்றைக்கே சிட்டை நோட்டில் ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை அந்த வரிகளைத் தலைப்புவாரியாகப் பேரேட்டில் ஏற்றுவேன்: குவாண்டம், வெப்ப இயக்கவியல், கரிம வினைகள், நிறமாலை என்று. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் ஒன்று. தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது, பயந்து தொடாதது. இந்த மூன்றைப் பிரிப்பதில்தான் இருக்கிறது விஷயம். தெரியாததற்குப் புத்தகம் வேண்டும், தவறியதற்குப் பயிற்சி வேண்டும், பயந்ததற்கு என்ன வேண்டும் என்று டிசம்பர் வரை எனக்குத் தெரியவில்லை.

அரியரை நவம்பரில் எழுதித் தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தருவிப்புகளைப் பார்க்காமல் எழுதிப் பழகினேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அம்மாவின் சீட்டுப் பணத்தில் 6,000 ரூபாய் கட்டி ஒரு பயிற்சி மையத்தின் பதிவு செய்த வகுப்புகளை வாங்கினேன். பெயர் வேண்டாம். பாதி வீடியோ பழைய பாடத்திட்டம், சந்தேகம் கேட்டால் பதில் கிடையாது. டெலிகிராமில் சேர்த்துவைத்த பிடிஎஃப்களும் அதே கதைதான். இளங்கலையில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. முதுகலைக்கு அது கிடையாது. ஆகவே கட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, எனக்குக் கடைசியில் உதவியது அவைதான்.

இறுதியாண்டு படிக்கும்போதே நெட் எழுதலாம். டிசம்பர் சுற்றுக்கு எனக்கு மதுரையில் மையம். தெரியாதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் தாள் மூன்று மணி நேரம், 200 மார்க். ஏ பகுதியில் 20 கேள்வியில் 15 எழுதலாம், பொது அறிவுத்திறன், ஒன்றுக்கு 2 மார்க். பி பகுதியில் 40ல் 35, அதுவும் 2 மார்க். சி பகுதியில் 60ல் 25 மட்டும், ஒன்றுக்கு 4 மார்க். தப்பானால் ஏ, பி பகுதிகளில் அரை மார்க், சி பகுதியில் ஒரு மார்க் கழியும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். எங்கள் வீட்டில் அந்தத் தொகையைச் சத்தமாகச் சொல்லவே அம்மா விடமாட்டாள், கண் பட்டுவிடுமாம்.

தேறவில்லை. ஆனால் தேர்வு முகமை நாம் குறித்த விடைகளையும் விடைக்குறிப்பையும் வெளியிடும். அதை இறக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றினேன். ஏ பகுதியில் 15 எழுதி 7 சரி, 8 தப்பு: 10 மார்க். பி பகுதியில் 27 எழுதி 17 சரி: 29. சி பகுதியில் 14 மட்டும் எழுதி 8 சரி, 6 தப்பு: 26. மொத்தம் 65.

ஐயாவிடம் காட்டினேன். தப்பான 6ஐ அவர் பார்க்கவே இல்லை. "இந்தப் பதினொண்ணை ஏன் தொடாம விட்டுப்புட்ட?" என்றார். கழித்துவிடுவார்களே என்றேன். சிரித்தார்.

"நாலு பேருக்குக் கைமாத்துக் குடுக்குற. மூணு பேரு ஆளுக்கு ஒரு ரூவா ஏமாத்திப்புட்டான். ஒருத்தன் மட்டும் நாலு ரூவா கூடக் குடுத்தான். லாபமா நட்டமா?"

ஒரு ரூபாய் லாபம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே சராசரியாக நட்டம் இல்லை. இரண்டு விடைகளை இது இல்லை என்று தள்ளத் தெரிந்தால், மிச்சம் இரண்டில் ஒன்றைத் தொடுவது ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றரை மார்க் சராசரி வரவு. நான் விட்ட பதினொன்றில் ஆறேழு கேள்விக்கு இரண்டு விடைகளைத் தள்ள எனக்குத் தெரிந்திருந்தது. 'நெகட்டிவ் மார்க்' என்ற சொல்லைக் கேட்டே பயந்திருக்கிறேன், கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. வேதியியலில் எம்.எஸ்சி. படிக்கிறவள்!

ஒரு எச்சரிக்கை. எல்லாத் தேர்வுக்கும் இது பொருந்தாது. கேட் தேர்வில் (பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான தேர்வு) நான்கில் ஒன்றைத் தொடும் கேள்விகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அங்கே கண்ணை மூடித் தொட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. எந்தத் தேர்வுக்குப் போகிறீர்களோ அதன் கழிப்பு விகிதத்தைப் பார்த்து முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். சி பகுதியில் 25க்கு மேல் குறித்தால் முதல் 25தான் கணக்கில் வரும் என்பதால், உறுதியானவற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் ஊகத்துக்கு வர வேண்டும்.

ஏ பகுதிக்கும் ஐயாதான். தினம் சாயங்காலம் அரை மணி நேரம் வாய்க்கணக்கு. "மாவும் காணியும் சேந்தா என்னத்தா?" மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதுதான் மாகாணி, பெயரிலேயே விடை இருக்கிறது. அவர் இதை நொடியில் சொல்வார், நான் பேனாவைத் தேடுவேன். இரண்டு மாதத்தில் விகிதம், வட்டி, பின்னம் எல்லாவற்றுக்கும் எனக்கும் பேனா தேவைப்படவில்லை. மாசிப் பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நடந்த நாட்களில் மட்டும் இந்த வகுப்புக்கு விடுமுறை. பால்குடம் பார்க்க ஐயாவே கிளம்பிவிட்டார்.

ப்ராஜெக்டுக்கு எங்கள் ஊர் ஆத்தங்குடி டைலையே எடுத்தேன். அதன் நிறமிகளில் இரும்பு ஆக்சைடு பற்றியது. அப்பா டைல் பட்டறையில் வேலை செய்கிறார். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர்ச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் உலர்ந்த கலவையாகத் தூவி, பிறகு ஈரச் சாந்து பூசுவார். முதல் ஆய்வுக் கூட்டத்தில் மேடம் கேட்டார்: "செய்து முடித்த டைலை ஏன் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள்?" நான் "சூடு தணிய" என்று ஏதோ சொல்லி அசடு வழிந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டால், "காஞ்சா சிமெண்டு செத்துப்போகும்த்தா. தண்ணி குடிச்சாத்தான் இறுகும்" என்கிறார். அதேதான். சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் உண்டாவதால் இறுகுகிறது. இளங்கலையில் நான் படித்த பாடம். அதையும் பேரேட்டில் ஏற்றினேன், 'தெரிந்தும் தவறியது' பத்தியில். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் அதே கேள்வியைக் கேட்டபோது, அப்பா சொன்னதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சமன்பாட்டை எழுதினேன்.

இரண்டாம் முறை நெட் எழுதிவிட்டேன். ரிசல்ட் வரவில்லை, விடைக்குறிப்பு வந்துவிட்டது. ஏ பகுதியில் 11 சரி, 4 தப்பு. பி பகுதியில் 33 எழுதி 22 சரி. சி பகுதியில் 23 எழுதி 14 சரி, 9 தப்பு. கூட்டி 108.5 என்று பேரேட்டில் எழுதி, இரண்டு கோடு போட்டு ஐயாவிடம் நீட்டினேன்.

கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை.

"105.5தானே வருது. மூணு எங்கத்தா போச்சு?"

சி பகுதியின் 9 தப்புக்கு, டிசம்பர் பக்கத்தைப் பார்த்து 6 என்று கழித்திருந்தேன்.