முட்டியைக் கழுவினதும், ஏழு வருஷம் கழித்து மாற்றினதும்

2017 ஜூனில் வலது முட்டியில் துளை போட்டு, கேமரா விட்டுச் சுத்தம் செய்துகொண்டேன். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால். ஜவ்வு கிழிந்திருக்கிறது, கழுவிவிட்டால் மூட்டு மாற்றைப் பத்து வருஷம் தள்ளிப்போடலாம் என்றார் அன்றைய டாக்டர். மாற்று மூட்டுக்கு மட்டுமே அப்போது ஒன்றரை லட்சம் சொன்னதால் நானும் தலையாட்டிவிட்டேன் (அந்த ஆகஸ்டில்தான் மத்திய அரசு அதற்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, என் நேரம்). நாலு மாதம் சுகமாக மாடியேறினேன். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

2024இல் கால் வில்லாக வளைந்து, பாத்ரூமில் குழாயைப் பிடித்தால்தான் எழ முடியும் என்று ஆனபோது வேறு டாக்டரிடம் போனேன். எம்.ஆர்.ஐ. ஃபைலை அவர் திறக்கவே இல்லை. நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். படுத்தபடி எடுத்த படத்தில் தெரிந்த இடைவெளி, இதில் உள்பக்கம் சுத்தமாகக் காணோம், எலும்பு மேல் எலும்பு.

அன்றைக்குக் கை வைத்ததால்தான் சீக்கிரம் தேய்ந்ததா என்று கேட்டேன். "கெடுக்கவும் இல்லை, தள்ளிப்போடவும் இல்லைம்மா" என்றார். கனடாவின் ஒன்டாரியோவில் தேய்மானக்காரர்களில் ஒரு பாதிக்கு மருந்து, பிசியோவோடு இந்தக் கழுவலையும் செய்து, மறுபாதிக்குச் செய்யாமல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் வலியில் வித்தியாசமில்லை என்று 2008இல் முடிவு வந்தது, அதே ஆட்களைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்தபோதும் மூட்டு மாற்றுக்குப் போவதில் பெரிய வித்தியாசமில்லையாம். அதைவிட அமெரிக்காவின் ஹூஸ்டன் கதை! 180 பேரில் ஒரு பகுதிக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்ப, அவர்களும் மற்றவர்கள் அளவுக்கே தேறியிருக்கிறார்கள், 2002லேயே. எனக்குச் செய்தது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. துணுக்கு ஏதாவது சிக்கி முட்டி நிஜமாகவே பூட்டிக்கொண்டால் அது வேறு விஷயம் என்றார்.

சரி, மாற்றியாயிற்று. முதுகில் ஊசி, மறுநாளே வாக்கர். வலி பிசியோவில்தான், தொண்ணூறு டிகிரி மடக்கவைப்பதற்குள் அந்தப் பெண்ணைப் பார்த்தாலே பயம். கிளிப் எடுத்த அன்று பார்த்தேன், பழைய இரண்டு புள்ளித் தழும்புக்கும் நடுவே புதுக் கோடு இறங்கியிருந்தது.

இடது முட்டியிலும் ஜவ்வு கிழிசல் என்று ரிப்போர்ட் இருக்கிறது. அதற்கு இப்போதைக்குத் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துகிறேன், காலையில் இருபது, ராத்திரி சீரியல் நேரத்தில் இருபது.