பத்து ரூபாய் மனுவுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் கேட்ட கதை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நான் கேட்டது ஐந்தே ஆவணங்கள். எங்கள் பேரூராட்சியில் எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் சாலை போட்ட வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அந்த வேலைக்கான பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பட்டியல். பதிலாக வந்த கடிதம் இப்படிச் சொன்னது: 2,150 பக்கங்களுக்கு ரூ.4,300, தேடுதல் கட்டணம் ரூ.5,000, அஞ்சல் செலவு ரூ.300. ஆக மொத்தம் ரூ.9,600 செலுத்தினால் நகல்கள் வழங்கப்படும்.

ஒரு தெருவுக்கு எப்படி இரண்டாயிரம் பக்கம்? பிறகுதான் தெரிந்தது. ஐந்து வருடத்து வேலைகளின் எம்-புக்குகளை அட்டையிலிருந்து அட்டை வரை எண்ணியிருக்கிறார்கள். நம் தெரு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கிற சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது, அதைப் பார்க்காமல் இருப்பதுதான் நோக்கம்.

எம்-புக் பற்றித் தெரியாதவர்களுக்கு: அளவுகளைப் பதிவு செய்யும் புத்தகம் அது. போட்ட சாலை எவ்வளவு நீளம், அகலம், கனம் என்று பொறியாளர் நேரில் அளந்து அதில் எழுதி கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்களை வைத்துத்தான் ஒப்பந்ததாரரின் பட்டியல் (பில்) பாஸ் ஆகும். மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உண்மை எங்காவது தடுக்கி விழுகிறதென்றால் அது எம்-புக்கில்தான். ராஜஸ்தானில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு கூலிப் பட்டியல்களின் நகலைக் கேட்டுப் போராடியதும் இதே காரணத்துக்காகத்தான். அந்தப் போராட்டங்கள்தான் பின்னால் 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி போட்டன. நம் தமிழ்நாடு அதற்கும் முன்பே, 1997லேயே, இந்தியாவில் முதல் மாநிலமாக இப்படி ஒரு சட்டம் போட்டது. விதிவிலக்குகள் அதிகமிருந்த சட்டம் அது. இருந்தாலும் முதல் என்ற பெருமை நமக்கு உண்டு. எங்கள் ஊர் அலுவலகத்தில் அந்தப் பெருமையின் சுவடு தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனுவை முதலில் நேரில்தான் கொடுக்கப் போனேன். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருந்தேன். தபால் பிரிவில் இருந்தவர் வாங்கவில்லை. "எதுக்கு சார் இதெல்லாம்? என்ன வேணும்னு சொல்லுங்க, வாயாலேயே சொல்லிடறேன்" என்றார். எழுத்தில் வேண்டும் என்றதும், ஆதார் நகல் எங்கே, கேட்பதற்குக் காரணம் என்ன என்று ஆரம்பித்தார். சட்டத்தின் 6(2) பிரிவு இதற்கு நேரான பதில். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு சொந்த விவரம் எதுவும் தர வேண்டியதில்லை. அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால் தபால் அலுவலகத்துக்கு நடந்தேன். ஒப்புகை அட்டையோடு அனுப்பினால் அது போய்ச் சேர்ந்த தேதி கையில் இருக்கும். அலுவலகம் பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும் என்பதால் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒப்பந்ததாரர் போன் செய்தார். "அண்ணே, என்ன குறைன்னு சொல்லுங்க, ஆள் அனுப்பிச் சரி பண்ணித் தர்றேன். நம்ம தெருதானே." குரலில் மிரட்டல் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் எண் அந்த மனுவில் மட்டும்தான் இருந்தது. மனு, அதற்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் மேசையில் இருக்கும்போது அது எப்படி இவர் கைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது. "ஆவணம் வரட்டும் தம்பி, பார்த்துட்டுப் பேசலாம்" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்த ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்க் கடிதம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் விலகிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மறுத்தால் மேல்முறையீடு போடுவார்கள், பணம் கேட்டால் பேசாமல் போய்விடுவார்கள் என்று அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கடிதம் சட்டப்படி ஓட்டை நிறைந்த பாத்திரம். தமிழ்நாட்டுக் கட்டண விதிகளில் சாதாரண அளவுத் தாளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்தான். தேடுதல் கட்டணம் என்று ஒன்று அதில் கிடையாது. அலுவலகத்தில் இருக்கும் கோப்பை எடுத்துத் தருவது அவர்கள் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை. 2018ல் உச்ச நீதிமன்றம் வெவ்வேறு உயர் நீதிமன்றங்களும் பிற அமைப்புகளும் வசூலித்த அதிகக் கட்டணங்களைப் பார்த்துவிட்டு, மனுவுக்கு 50 ரூபாய், பக்கத்துக்கு 5 ரூபாய் என்பதைப் பொதுவாகத் தாண்டக் கூடாது என்றது. அதாவது நியாயமான கட்டணம் என்றால் அந்த அளவில்தான்.

இன்னொன்று, 7(3) பிரிவு. கூடுதல் கட்டணம் கேட்டால் அது எப்படி வந்தது என்ற கணக்கைக் காட்ட வேண்டும். அந்தத் தொகையை எதிர்த்து யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். எனக்கு வந்ததில் மேல்முறையீட்டு அலுவலர் என்ற சொல்லே இல்லை.

என்னைக் காப்பாற்றியது இது எதுவுமில்லை, உறை. கடிதத்தில் போட்டிருந்த தேதி 30 நாளுக்கு உள்ளே இருந்தது. உறையில் விழுந்திருந்த தபால் முத்திரையோ கெடு தாண்டிய பிறகுதான். கடிதத்தை முன்தேதியிட்டு எழுதி, மெதுவாக அனுப்பியிருக்கிறார்கள். கெடுவுக்குள் தகவல் தராவிட்டால் 7(6) பிரிவின்படி இலவசமாகத் தர வேண்டும். கட்டணக் கடிதம் கெடுவுக்குள் கிளம்பியிருந்தால்தான் பணம் கட்டும் வரையிலான நாட்கள் கணக்கில் சேராது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். தன் ஓய்வூதியக் கோப்புக்காக அலைந்து கற்றுக்கொண்ட பாடமாம்.

முதல் மேல்முறையீடு பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு. தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவர் 30 நாளுக்குள், காரணம் எழுதினால் 45 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். முத்திரை தெரியும்படி உறையின் நகலை இணைத்தேன். கோரிக்கை இரண்டு. ஒன்று, 7(6)ன்படி இலவசமாக நகல். இரண்டு, 2(ஜே) பிரிவின்படி கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி.

இந்த இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்தும் அலுவலகத்திடம் பக்கக் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் முடிவிருக்காது. போய் உட்கார்ந்து, கோப்பைப் புரட்டி, எந்தப் பக்கம் வேண்டும் என்று எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் எண்ணிக்கையைப் பெருக்க இடமே இல்லை. முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் கிடையாது. குறிப்பெடுக்கும் உரிமையும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கோப்பு பெரிதாக இருந்தால் முதல் மனுவிலேயே "பார்வையிட அனுமதிக்கவும், பார்த்த பின் தேவையான பக்கங்களின் சான்றிட்ட நகல் தரவும்" என்று எழுதிவிடலாம்.

விசாரணை சீக்கிரம் முடிந்தது. உதவி இயக்குநர் உறையைப் புரட்டிப் பார்த்தார், செயல் அலுவலரைப் பார்த்தார். "தேடுதல் கட்டணம் எந்த விதியில இருக்கு?" என்ற ஒரு கேள்விதான். பதில் இல்லை. பார்வையிட அனுமதித்து, கேட்ட நகல்களை இலவசமாகக் கொடுக்க உத்தரவு வந்தது. நல்ல அதிகாரி என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் இப்படி அமையாது. மேல்முறையீட்டைக் கிடப்பில் போடும் அலுவலகங்களைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பார்வையிடப் போன அன்று முதலில் ஆள் இல்லை என்றார்கள், அப்புறம் சாவி இல்லை என்றார்கள். உத்தரவு நகலை மேசையில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சாவி வந்தது. மொபைலில் படம் எடுக்க விடவில்லை. சரி என்று நோட்டில் எம்-புக் எண்ணையும் பக்க எண்களையும் எழுதிக்கொண்டேன். எங்கள் தெருவின் அளவுகள் மொத்தமும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டன. மதிப்பீடு, பணி ஆணை, பட்டியல் எல்லாம் சேர்த்து நான் கேட்டு வாங்கியது 34 பக்கம். கட்டணம் கட்டியிருந்தால்கூட 68 ரூபாய்.

ஒப்பந்தப்புள்ளிக் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. "கோப்பு கண்டறிய இயலவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தில் தகவலை மறுப்பதற்கான காரணங்கள் 8, 9 பிரிவுகளில் வரிசையாக இருக்கின்றன. காணாமல் போனது என்பது அதில் இல்லை. 2013ல் டெல்லி உயர் நீதிமன்றமும், தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கைகழுவ முடியாது, முறையாகத் தேட வேண்டும், தொலைத்தது யார் என்று பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். அதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. ஆணையம் நினைத்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், அதுவும் அவர் சொந்தப் பணத்திலிருந்து. அங்கே வரிசை நீளம், எப்போது கூப்பிடுவார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

எம்-புக்கில் கல்லின் கனம் 80 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. முனையில் பெயர்ந்து கிடக்கும் கல்லை ஸ்கேல் வைத்து அளந்தால் 60தான் வருகிறது. நான் அளந்தால் அது என் அளவு. அவர்கள் சான்றிட்டுக் கொடுத்தால்தான் ஆவணம். 2(ஜே) பிரிவில் பொருட்களின் சான்றிட்ட மாதிரியைப் பெறும் உரிமையும் இருக்கிறது. அதனால் எங்கள் தெருவிலிருந்து ஒரு கல் கேட்டு அடுத்த மனுவைப் போட்டுவிட்டேன். மாதிரிக்கு அதன் உண்மையான விலையை வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. ஒரு கல்லுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த முறையும் உறையைத் தூக்கிப் போட மாட்டேன்.