எந்த யூதர்கள், எந்த மரபணு?

யூதர்களின் மரபணு வழித்தோன்றலைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையை மதிப்பிடுபவர், அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது. இந்தப் பொருளில் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கூற்றும் எந்தச் சமூகத்தினரின், மரபணுத் தொகுதியின் எந்தப் பகுதியை, யாருடன் ஒப்பிட்டுப் பெறப்பட்டது என்று கட்டுரை சொல்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அது சொல்லப்படாவிட்டால், சரியான மேற்கோள்கூட வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதச் சமூகங்களின் வழிவந்தவர்களான அஷ்கெனாசி யூதர்களின் தாய்வழியை எடுத்துக்கொள்வோம். இன்றைய அஷ்கெனாசிகளில் சுமார் 40 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 35 லட்சம் பேர், தாய்வழியில் நான்கே பெண்களின் வம்சத்தில் வந்தவர்கள் என்றும், அந்த வழிகள் மேற்காசியாவில் தோன்றியிருக்கக் கூடும் என்றும் டோரோன் பேஹர் குழுவினர் 2006-இல் எழுதினார்கள். 2013-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் குழுவினர் அதே நான்கு வழிகளை விரிவான ஒப்பீட்டுத் தரவுகளோடு ஆராய்ந்து, அவற்றின் வேர் ஐரோப்பாவில் இருப்பதாக முடிவு செய்தார்கள். ஆனால் தந்தைவழியைக் காட்டும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்த மைக்கேல் ஹாமர் குழுவினர், 2000-ஆம் ஆண்டிலேயே யூத ஆண்களுக்கும் மேற்காசியாவின் பிற மக்களுக்கும் நெருக்கமான உறவைக் கண்டிருந்தார்கள். தாய்வழியும் தந்தைவழியும் வெவ்வேறு வரலாறுகளைச் சுமக்கலாம் என்பதால், இவை ஒன்றையொன்று மறுப்பவை ஆகா. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசும். இதைச் சொல்லாமல் 2013 ஆய்வை மட்டும் காட்டி ‘அஷ்கெனாசிகள் ஐரோப்பியர்’ என்று எழுதும் கட்டுரையும், ஒய் குரோமோசோமை மட்டும் காட்டி எதிர்முடிவை எழுதும் கட்டுரையும் என் கண்ணில் ஒரே குறையுடையவை.

அஷ்கெனாசிகள் இடைக்காலத்தில் யூத மதத்தைத் தழுவியதாகச் சொல்லப்படும் கசார் என்ற துருக்கிய மக்களின் வழிவந்தவர்கள் என்னும் கசார் கருதுகோளுக்கு எவ்வளவு இடம் தரப்பட்டிருக்கிறது என்பது அடுத்த சோதனை. எரான் எல்ஹாய்க் 2012-இன் இறுதியில் வெளியிட்ட கட்டுரை, மறைந்துபோன கசார்களுக்குப் பதிலாக ஆர்மீனியர்களையும் ஜார்ஜியர்களையும் வைத்து ஒப்பிட்டது. இவ்விரு மக்களும் மேற்காசியாவோடு நெருங்கிய மரபணு உறவு உடையவர்கள் என்பதால், அவர்களோடு காணப்படும் ஒற்றுமை கசார் மூலத்தை நிறுவப் போதாது. காக்கேசியப் பகுதியின் மாதிரிகளை இன்னும் விரிவாகச் சேர்த்த பேஹர் குழுவினர், 2013-இல் கசார் மூலத்துக்குச் சான்றில்லை என்று காட்டினார்கள். இரண்டையும் சமமான இரு தரப்புகளாக நிறுத்துவது நடுநிலை ஆகாது.

பழங்கால டிஎன்ஏவுக்குக் கட்டுரை உரிய இடம் தந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் இடைக்கால யூதக் கல்லறைத் தோட்டத்தின் மேல் எழுந்திருந்த தானியக் களஞ்சியத்தை வாகன நிறுத்தமாக மாற்றும் பணியின்போது எலும்புகள் வெளிப்பட்டன. உள்ளூர் யூதச் சமூகத்தின் ஒப்புதலோடு, தாடையிலிருந்து ஏற்கெனவே கழன்றிருந்த பற்களிலிருந்து மட்டும் டிஎன்ஏ எடுத்து, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த 33 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2022-இல் வெளியாயின. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தாய்வழியில் ஒரே பெண்ணிடமிருந்து வந்தவர்கள். அந்த ஒரே நகரிலேயே, கிழக்கு ஐரோப்பியக் கலப்பு மிகுந்தும் குறைந்தும் இரு பிரிவினர் வாழ்ந்திருக்கிறார்கள். இன்றைய மக்களை வைத்து ஊகிக்க வேண்டியிருந்ததை நேரடியாகக் காட்டும் இந்த ஆய்வைப் பட்டியலின் கடைசி வரியாகத் தள்ளிவிடும் கட்டுரை, சான்றுகளின் எடையை அறியாதது.

கட்டுரையின் முகப்புப் பத்தியில் ‘யூதர்கள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் அங்கேயே நான் தயங்குவேன். 2010-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான விரிவான ஆய்வு, பெரும்பாலான யூதச் சமூகங்கள் மரபணு அளவில் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதைக் காட்டியது. ஆனால் எத்தியோப்பிய யூதர்களும், இந்தியாவின் கொச்சி யூதர்களும் பெனே இஸ்ரேல் சமூகத்தினரும் தத்தம் அண்டை மக்களோடு சேர்ந்தே அமைந்தார்கள். அதே ஆய்வு பெனே இஸ்ரேல் ஆண்களின் தந்தைவழியில் மேற்காசியத் தொடர்பையும் கண்டது. இந்த விதிவிலக்குகளும் முகப்புப் பத்தியிலேயே இடம்பெற வேண்டும்.