தலைச்சனுக்கு மோசி என்று பெயர் வைத்தோம்

எங்கள் மகன் பெயர் மோசி. தூத்துக்குடியில் சொன்னாலும் சரி, தார் எஸ் சலாமில் சொன்னாலும் சரி, கேட்டவர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். இங்கே தான்சானியாக்காரர்களுக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். அது ஒரு பிள்ளையின் பெயராக வந்து நிற்பதுதான் அவர்களுக்குப் புதிது. அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, அதன் ஒரு எழுத்துக்காக ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை நடந்து, சான்றிதழ் கைக்கு வரும்வரை நடந்ததை எழுதுகிறேன். இந்தப் பக்கம் குடும்பமாகிவிட்ட வேறு யாருக்காவது உதவும்.

நான் முந்திரி வியாபாரத்துக்காக வந்தவன். தெற்கே ம்த்வாரா பக்கம் விளைகிற பச்சை முந்திரிக்கொட்டை மூட்டை மூட்டையாகக் கப்பலேறி எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வருகிறது. அந்தக் கொள்முதலுக்கென்று வந்து, இங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவிக்குப் பகமோயோ, தார் எஸ் சலாமுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள பழைய கடற்கரை ஊர். பெண் பிறந்தால் தமிழ்ப் பெயர், ஆண் பிறந்தால் சுவாஹிலிப் பெயர் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தோம்.

ஏழாம் மாதத்தில் தேட உட்கார்ந்தோம். இணையத்தில் 'சுவாஹிலி ஆண் பெயர்கள்' என்று போட்டால் பட்டியல் பட்டியலாக வருகிறது. அதிலிருந்து 12 பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மனைவியின் பாட்டியிடம் போனோம். பாட்டியை இங்கே பீபி என்பார்கள். "ஷிகமோ" என்று வணக்கம் சொன்னோம், "மரஹபா" என்று வாங்கிக்கொண்டார். அப்போது அவர் ம்பூஸியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ம்பூஸி என்றால் ஆடு. நம் வீட்டுத் துருவுமணை போலவே பலகையும் முன்னால் நீட்டிய பல்லும். அதற்கு ஆடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மனைவி ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஜுமா என்றதும், வெள்ளிக்கிழமை பிறந்தவன் எல்லாம் ஜுமாதான், இந்தத் தெருவிலேயே நாலு பேர் என்றார் பீபி. பஹாத்தி, அதிர்ஷ்டம், நல்ல பெயர், ஆனால் பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'ஜெலானி: வலிமை மிக்கவன்' என்று பட்டியலில் இருந்தது. பீபி துருவுவதை நிறுத்திவிட்டு, "வலிமை என்று யார் சொன்னது? அது ஷேக் அப்துல் காதிர் ஜீலானியின் பெயர்" என்றார். நம்மூரில் முகைதீன் ஆண்டவர் என்கிறோமே, அவரேதான். அவர் வழிவந்த காதிரிய்யா தரீக்கா என்ற சூஃபி நெறி பகமோயோவில் வேர் விட்டது. ஜீலான் ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயர், வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டியலில் இருந்த இன்னும் மூன்று பெயர்களைப் பீபி கேட்டதே இல்லை. இணையப் பட்டியலை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கரையோரத்தில் வளர்ந்த ஒரு முதியவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

தாளை மடித்து வைத்துவிட்டு, "இவன் எத்தனையாவது?" என்று கேட்டார் பீபி.

மனைவி பதில் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் கூடப் பேசிக்கொண்டது கிடையாது. பீபிக்கு எல்லாம் தெரியும். தோளில் கிடந்த காங்காத் துணியை எடுத்து மனைவியின் மடியில் போட்டார். "முதலில் யாரை இதில் முதுகோடு கட்டுகிறாயோ அவன்தான் மோசி. போனது கடவுளிடம் இருக்கிறது, அது கோபித்துக்கொள்ளாது." அன்றைக்கே எங்களுக்குப் பெயர் முடிவாகிவிட்டது.

மோசி என்றால் ஒன்று, முதல். இன்றைக்குச் சுவாஹிலியில் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மோஜா, ம்பிலி, தாத்து என்று போகும். மோசி, பிலி என்பவை பழைய எண்ணுமுறைச் சொற்கள். கடைத்தெருவில் அதை வைத்து யாரும் சில்லறை எண்ணுவதில்லை. ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்த இடங்களில் எல்லாம் அது நிற்கிறது. மாதத்தின் முதல் தேதி 'தரேஹே மோசி'. மே தினம் 'மேயி மோசி'. சனிக்கிழமை 'ஜுமாமோசி'. வெள்ளிக்கிழமையோடு வாரத்தை முடித்துவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ணுவதால் சனி மோசி, ஞாயிறு பிலி, திங்கள் தாத்து. ஒரு சொல் புழக்கத்திலிருந்து ஒதுங்கிய பின்னும், மொத்த நாடும் வாரம் ஒருமுறையாவது அதை உச்சரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தப் பெயர் மேல் ஆசை வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, இது அரபியிலிருந்து வந்த சொல் அல்ல. சுவாஹிலி என்ற மொழிப்பெயரே 'கரைகள்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எண்களில் கூட ஆறு, ஏழு, ஒன்பது மூன்றும் அரபு: சித்தா, சபா, திசா. மோசியோ, சுவாஹிலியும் சேர்ந்த பாந்து மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. கண்டத்தின் மேற்குக் கரையில் கிக்கொங்கோ பேசுகிறவர்களுக்கும் ஒன்று என்றால் மோசிதான். மலாவியில் மோட்ஸி. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரே சொல்.

பிள்ளைக்கு வைத்தால் தலைச்சன் என்று பொருள். நம்மிடம் இதற்கு இத்தனை அழகான ஒரு சொல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆண், பெண் இருவருக்கும் வைப்பதுண்டு. பிலி, தாத்து என்ற பெயர்களைப் பெரும்பாலும் பெண்களிடம் கேட்கிறேன். ஏன் மோசி குறைந்துபோனது என்று பீபியைக் கேட்டதற்கு, "பள்ளிவாசல் பெயர் வந்தது, பிறகு சர்ச் பெயர் வந்தது, இப்போது டிவி பெயர் வருகிறது" என்றார். எங்கள் தெருவில் பிரையன் மூன்று பேர், இப்ராஹிம் இரண்டு பேர். தடுப்பூசிக்குப் போகும் கிளினிக்கில் இதுவரை இன்னொரு மோசியை நாங்கள் பார்த்ததில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்னலே பேரு இது? மோசமும் நாசமுமா? பள்ளிக்கூடத்துல பிள்ளைய மோசம் மோசம்னு கூப்பிடாதா?" என்றாள். நியாயமான கவலை. தலைச்சன் என்று பொருள் சொன்னதும் குரல் கொஞ்சம் இறங்கியது. பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனை வாங்கி, "மோசி நம்ம பேருதானடா!" என்றார். புறநானூற்றின் 50ஆம் பாட்டைப் பாடியவர் மோசிகீரனார். முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டவர். வெட்ட வேண்டிய வாளைக் கீழே வைத்துவிட்டு, சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அவருக்கு விசிறி வீசினான். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று இன்னொரு புலவரும் உண்டு. இரண்டு மோசிக்கும் உறவு கிடையாது, ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்த ஒரு போனுக்குப் பிறகு அம்மா ஒருநாளும் மறுப்புச் சொல்லவில்லை. விசிறி கதையை அவளே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலையில் பிறந்தான். மூன்று கிலோவுக்கு ஒரு சொட்டுக் குறைவு.

சிக்கல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது வந்தது. பிறப்புச் சான்றிதழுக்கு முன்னால், குழந்தை பிறந்ததென்று ஆஸ்பத்திரி ஓர் அறிவிப்புச் சீட்டு தருகிறது. பெயரை நான்தான் சொன்னேன். நம் எழுத்தில் ச ஒன்றுதான். ஸ, ஷ என்று அழுத்திப் பிரித்துச் சொல்லும் பழக்கம் என் நாக்கில் இல்லை. எழுதிய பெண் 'மோஷி' என்று எழுதிவிட்டார். அப்படியும் பெயர் வைக்கிறவர்கள் இங்கே இருப்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கிளிமஞ்சாரோ மலையடியில் மோஷி என்று ஒரு நகரமும் இருக்கிறது. மோஷி என்றால் புகை. (ஸாம்பியா எல்லையில் உள்ள விக்டோரியா அருவியை அந்தப் பக்கத்து மொழியில் 'மோசி ஓவா துன்யா', இடிமுழங்கும் புகை என்பார்கள். அதில் புகைக்கு மோசி. ஆக, ஸாம்பியா லாரிக்காரர்களுக்கு என் மகன் பெயரைச் சொன்னால் புகையும் அதே பெயரில் அங்கே விற்கும் பீரும்தான் ஞாபகம் வருகிறது.)

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் சீட்டை விரித்துப் பார்த்த மனைவி அழுதுவிட்டாள். காரணம் இருக்கிறது. இங்கே முதல் பிள்ளை பிறந்ததும் தாயின் சொந்தப் பெயர் பின்னால் போய்விடும். தெருவே 'மாமா மோசி', மோசியின் அம்மா என்றுதான் கூப்பிடும். என்னை 'பாபா மோசி'. பிள்ளைக்கு வைக்கும் பெயரைத்தான் தாயும் சுமக்கிறாள்.

திருத்தப் போனேன். முதல் தடவை, ஒரு எழுத்துதானே, விட்டுவிடுங்கள் என்றார்கள். இரண்டாவது தடவை எங்கள் தெரு நிர்வாக அலுவலகத்தின் கடிதம் கேட்டார்கள். தெருத் தலைவர் அன்றைக்கே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மூன்றாவது தடவை மனைவியும் வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம், "மோசி. மேயி மோசியில் வரும் மோசி" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஓ, தலைப்பிள்ளையா?" என்று கேட்டு, புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் இரண்டு தடவை நின்று விளக்கியதை அந்த ஒரு வாக்கியம் முடித்துவிட்டது. பெயர் சொல்லும்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள். சீட்டை அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதன்பின் பதிவு அலுவலகமான ரீட்டாவில் வேலை சுலபமாக முடிந்தது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். நாங்கள் 71ஆம் நாள் போனோம். படிவத்தில் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும் ஊர்களில் நான் விழித்திருக்கிறேன். இங்கே நம் இனிஷியல் முறையேதான், இன்னும் ஒரு தலைமுறை கூடுதலாக. என் அப்பா பெயர் ஒரு தான்சானியச் சான்றிதழில் ஏறியதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். இந்தியக் குடியுரிமைக்காக ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். இரண்டு நாட்டுத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு எழுத்தை அப்போதே பிடித்தது நல்லதாயிற்று.

இப்போது நடக்கிறான். சனிக்கிழமை காலையில் ரேடியோக்காரர் "லியோ நி ஜுமாமோசி" என்று தொடங்கினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ரேடியோ பக்கம் திரும்புகிறான். போன வாரம் பகமோயோ போயிருந்தோம். பீபிக்கு முதுகு வளையவில்லை. மனைவிதான் அவனை அதே காங்காவில் கட்டிக்கொண்டு ம்பூஸியில் உட்கார்ந்தாள். பீபி பக்கத்தில் பாயில் சாய்ந்தபடி, துருவிய தேங்காயை அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே, "மாமா மோசி, கொஞ்சம் மெதுவாத் துருவு, பிள்ளை ஆடுகிறான்" என்றார்.